திண்டிவனத்தில் தண்ணீர் குடிக்காதவர்கள்

விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கியதும் நான் தேடியது காப்பியை இல்லை, கழிப்பறையை. ரயில் பெட்டியில் இருந்ததை எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி, ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். எதிரே இருந்த தெலுங்குக்கார அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் பாஷையில் ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்தவர் தமிழில் சொன்னார்: "ரயில்லயே போய்ட்டு வந்துடும்மா, ஊரை நம்பாதேங்கிறாங்க." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் விஷயம் இந்தம்மாவுக்கு எதற்கு என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் பினாங்குக்காரி. பிறந்தது, படித்தது, தலை நரைக்க ஆரம்பித்தது எல்லாம் அங்கேதான். வேலை, நகராட்சி சுகாதாரப் பிரிவில் தட்டச்சு. கடைத்தெருச் சுவரை நனைக்கிற ஆண்களுக்கு அபராத நோட்டீஸ் அடிப்பதும் அதில் ஒரு பகுதி. இந்த விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஒரு திமிர் இருந்தது. அம்மா சாகிற சமயத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு ஒரு புடவை சாத்தணும். உன்னைப் பெத்தப்ப வேண்டிக்கிட்டது" என்றாள். இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டுப் போகிறபோது சொல்கிறாளே என்று அழுகையோடு எரிச்சலும் வந்தது. அதற்காகத்தான் எண்பதுகளின் நடுவில், ஓர் ஆடி மாதம், கடல் தாண்டிப் புடவையும் கையுமாக வந்து நின்றேன்.

சொந்தக்காரர்கள் இருக்கிற திண்டிவனத்தில் அந்த ரயில் நிற்காது, பஸ்ஸில்தான் போக வேண்டும் என்று விழுப்புரம் பஸ் நிலையத்துக்கு நடந்தேன். வழி நெடுக மதில் சுவர். சுவர் நெடுக ஆண்களின் முதுகு. வேட்டிக்காரர், பேன்ட்காரர், டிபன் கேரியரைக் கக்கத்தில் இடுக்கியவர். யாரும் யாரோடும் பேசவில்லை. சுவரில் பெரிய எழுத்தில், "இங்கு சிறுநீர் கழிக்காதீர்" என்று இருந்தது. அதற்குக் கீழே மீறினால் என்ன தண்டனை என்று எழுதியிருக்க வேண்டும். அந்த வரியை ஆண்களே கரைத்து முடித்திருந்தார்கள்.

ஒரு வழியாகப் 'பெண்கள்' என்று எழுதிய கதவைக் கண்டுபிடித்தேன். பூட்டு தொங்கியது. டீக்கடைக்காரரிடம் சாவி யாரிடம் என்று கேட்டேன்.

"அது தெறந்து ரொம்ப நாளாவுதுங்க," என்றார் அவர், டீயை ஆற்றிக்கொண்டே. "உள்ள கட்சித் தட்டிங்கள அடுக்கி வச்சிருக்காங்க. அடுத்த எலெக்‌ஷனுக்குத்தான் தெறப்பாங்க."

கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். இருட்டுக்குள் ஆளுயரத்துக்கு மூங்கில் தட்டிகள். அதில் வரைந்த முகங்கள் வரிசையாக, ஒன்றன் பின் ஒன்றாக, அத்தனையும் வாசலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. பெண்கள் கழிப்பறைக்குள் இருட்டில் அத்தனை ஆண்கள் எனக்காகக் காத்துக்கொண்டிருந்ததுபோல எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஜங்ஷனுக்கே திரும்ப ஓடினேன். வெயிட்டிங் ரூம் ஆயாவின் மோவாயைத் தொடாத குறையாகக் கெஞ்சி உள்ளே போனேன். தெலுங்கு அம்மாள் சொன்னது சரிதான்.

அதற்கப்புறம் சாப்பிட்டேன். பூரியும் கிழங்கும் அமிர்தமாக இருந்தது. மேஜையில் வைத்த தண்ணீரை மடமடவென்று குடித்தேன். பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம். அப்பா குடித்தார், பையன்கள் குடித்தார்கள். அம்மாவும் பெண்ணும் டம்ளரைத் தொடவே இல்லை. அப்போது அது என் புத்தியில் உறைக்கவில்லை.

திண்டிவனம் பஸ் விக்கிரவாண்டி தாண்டியதும் ஏதோ பெல்ட் அறுந்து நின்றுவிட்டது. "ஆவாதுங்க, கொஞ்சம் டைம் புடிக்கும்," என்று டிரைவர் இறங்கினார். பின்னாலேயே ஆண்கள் எல்லோரும் இறங்கிப் புளியமரம் ஒவ்வொன்றுக்கும் ஒருவராகப் போய் நின்றார்கள். பெண்களில் ஒருத்தியும் அசையவில்லை. உச்சி வெயில், தகரம் கொதிக்கிறது, விசிறக்கூட யாரும் முந்தானையை எடுக்கவில்லை. பஸ் நிறையப் பெண்கள், பேச்சுமூச்சில்லாமல் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை.

பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன். "நீங்க இறங்கலையா?"

"எதுக்கு?"

"எதுக்குன்னா... ஆம்பளைங்க எதுக்கு இறங்கினாங்க?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "காலைலேந்து வாய நனைக்கலக்கா. பஸ் ஏர்ற நாள்ல தண்ணி குடிப்பாங்களா யாராவது?" என்றாள். பூரிக்கடையில் மடமடவென்று குடித்த தண்ணீர் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

திண்டிவனம் போய்ச் சேர்ந்த கோலத்தைச் சொல்ல மாட்டேன். பெரியம்மா மகள் பச்சையம்மா அக்கா பஸ் நிலையத்தில் வறுத்த வேர்க்கடலை, அவர்கள் பேச்சில் மல்லாட்டை, விற்கிறவள். அதற்கு முன் நாங்கள் போட்டோவில் பார்த்ததுதான். கட்டிப்பிடித்து அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்த பார்வையிலேயே புரிந்துகொண்டு, கூடையைப் பக்கத்துப் பூக்காரியிடம் தள்ளிவிட்டு, "வா ஜல்தி," என்று தெரிந்தவர் வீட்டுக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். உறவு என்றால் அதுதான். அழுகையெல்லாம் அப்புறம்தான் நடந்தது.

மறுநாள் முழுக்க அவள் கடையில் உட்கார்ந்திருந்தேன். மணலில் வறுபடுகிற மல்லாட்டை வாசனையும் அதை மீறிக்கொண்டு வருகிற அந்த வாசனையும் சேர்ந்து தலையைச் சுற்றியது. பச்சையம்மாவுக்கு உதடு வெடித்திருந்தது. அடிக்கடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிவாள். என்னவென்று கேட்டேன்.

"கல்லு," என்றாள். "விழுப்புரத்துல பெரிய டாக்டரு ஒரு கொடம் தண்ணி குடின்னாரு. அவரு சொல்லிட்டாரு. குடிச்சிட்டுப் போறதுக்கு எடம் அவரா குடுப்பாரு? இப்ப கொஞ்சம் தேவலாம் சரோஜா. பொழுது சாஞ்சதும் போறதுக்கு ஒரு எடம் கீது. அத நம்பித்தான் மத்தியானத்துக்கு மேல ரெண்டு சொம்பு குடிக்கிறேன். அந்த எடம் போச்சின்னா நான் பொழைக்க மாட்டேன்."

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு நெல் மண்டி. அதன் நீளச் சுவரில் எழுதிப் பார்த்தார்களாம், கேட்கவில்லை. ஆள் போட்டு அடித்துப் பார்த்தார்களாம், அதுவும் ஆகவில்லை. கடைசியில் மண்டிக்காரர் பெயின்டரைக் கூப்பிட்டு அங்காளம்மனை வரையச் சொன்னார். நான் பார்த்தபோது சுவர் காய்ந்து, மஞ்சளும் குங்குமமும் பூசிப் பளிச்சென்று இருந்தது. ஆளைவிடப் பெரிய முகம். கண் இரண்டும் முறம் அகலம். ரோட்டில் எங்கே நின்றாலும் அந்தக் கண் நம்மையே பார்க்கும். எங்கள் நகராட்சியில் இத்தனை வருஷம் நான் தட்டிய நோட்டீஸ் எல்லாம் சாதிக்காததை ஒரு ஜோடிக் கண் சாதித்திருந்தது. ஒரே ஒரு கிழவர் மட்டும் பழக்கதோஷத்தில் வேட்டியைத் தூக்கப் போனவர், நிமிர்ந்து பார்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

"சாமர்த்தியசாலிதான் உங்க மண்டிக்காரர்," என்றேன்.

பச்சையம்மா முகத்தைச் சுளித்தாள். "சாமர்த்தியமா? அம்மன் கண்ணுக்குப் பயந்த பசங்க எங்க போவானுங்க? சந்தால நொழஞ்சி பின்னால பழைய மில்லுக்குள்ள போவ ஆரம்பிச்சிட்டானுங்க. அதான் எங்க எடம்."

மண்டிக்குப் பின்னால் ஓடாமல் கிடக்கும் அரிசி மில். அதுவும் மண்டிக்காரருடையது. பஸ் நிலையத்தில் விற்கிற பெண்கள் எல்லோருக்கும் பல வருஷமாக அந்த இடம்தான். அதற்குள் ஆண்கள் நுழைந்ததும் இவர்களுக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. பச்சையம்மாவின் கல் அந்த நாட்களில்தான் பெரிதானது.

"அப்புறம் எப்படி இப்ப...?"

"மேரி ஒரு பேயப் புடிச்சாந்து கட்டி வச்சா," என்றாள் அவள், சிரிக்காமல்.

பொழுது சாய்ந்ததும் கூட்டிக்கொண்டு போனார்கள். வெள்ளரிக்காய் விற்கிற மேரி முன்னால், பூக்காரி, மீன்கூடைக்காரி, இன்னும் சிலர், கடைசியில் நானும் பச்சையம்மாவும். உடைந்த கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு புளியமரம். அதன் அடியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம், நொறுங்கிய சிவப்பு வளையல். மரத்தில் ஒரு கற்றை முடி ஆணியடித்துத் தொங்கியது. பேய் பிடித்தவர்களின் முடியை அப்படித்தான் அறைவார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். எனக்குக் கால் நகரவில்லை.

"பயப்படாதீங்கக்கா, அது என் சவுரி," என்று மேரி காதோடு சொன்னாள். "செவப்புப் புடவை கட்டினு, காலு இல்லாம, இந்த மரத்தாண்ட நிக்குதுன்னு சொல்லிக்கீறோம். இங்க பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரனுக்கு ஒரு நாள் ஜொரம் வந்துச்சி. அத வச்சியே ஊரெல்லாம் பரப்பிட்டோம். ஒரு ஆம்பள வர்றதில்ல இப்ப."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்னால் சுவரில் ஒரு அம்மனைக் காவல் வைத்தான் ஆண்பிள்ளை. பின்னால் இவர்கள் ஒரு பேயைக் காவல் வைத்திருந்தார்கள்.

உள்ளே கூரை பாதி இல்லை. தரையில் நெருஞ்சியும் தவிடும். அந்தக் கோடியில் நெல் ஊறவைக்கும் சிமென்ட் தொட்டி, ஆள் ஆழம், மழைத் தண்ணீர் கறுப்பாக நின்றது. அவர்களுக்கு ஒரு வழக்கம். உள்ளே பேச்சு கிடையாது. வரிசையாக உட்காருவார்கள். முடித்தவள் எழுந்து போய்விடக் கூடாது. கடைசியில் மேரி, "ஆச்சா?" என்று கேட்பாள். ஒவ்வொருத்தியும் "ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் எல்லோரும் சேர்ந்து வெளியே வர வேண்டும்.

"ஆச்சா?" என்றாள் மேரி.

"ஆச்சு." "ஆச்சு." "ஆச்சு." நானும் சொன்னேன். தொட்டிப் பக்கம் இன்னொருத்தி எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தாள். வெளிர் நீலத் தாவணி, இடுப்பு வரைக்கும் ஈரம், பின்னல் அவிழ்ந்து கிடந்தது. சின்னப் பெண், கூச்சம் போலிருக்கிறது, தள்ளிப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் பதில் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். இவ்வளவு சட்டம் பேசிவிட்டு அந்தப் பெண்ணை விட்டுவிட்டுப் போகிறார்களே என்று எனக்கு மனசு கசந்தது. புது ஆள், நாம் எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் அமாவாசை. மேல்மலையனூர் பஸ்ஸில் காலை ஊன்ற இடமில்லை, கூட்டமே எங்களைத் தூக்கிக்கொண்டு போய் இறக்கியது. கோயிலைச் சுற்றிக் கேப்பைக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு நான் இரண்டு சொம்பு குடித்தேன். பச்சையம்மா ஒரு வாய் மட்டும் வைத்தாள். தலைவிரிகோலமாக ஆடுகிறவர்கள், சாம்பல் பூசியவர்கள், எலுமிச்சம்பழம் மிதிபட்ட நெடி. நெருக்கிக்கொண்டு உள்ளே போய்ப் புடவையைக் கொடுத்தேன். நிமிர்ந்தால் மண்டிச் சுவரில் பார்த்த அதே கண். அம்மாவை நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் பச்சையம்மா கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வரும்போது அவள் என் கையை அழுத்தினாள். வேப்பமரத்தடியில் மண்டிக்காரர், வெள்ளைச் சட்டையும் தங்கப் பல்லுமாக, உடுக்கை வைத்திருந்த ஒரு பூசாரியிடம் பேசிக்கொண்டிருந்தார். எங்களை அவர் கவனிக்கவில்லை. பேச்சு நன்றாகவே கேட்டது.

"மில்ல லாரி ஷெட்டுக்கு விடணும் சாமி. எடுக்கறவன் ரெடியா நிக்கிறான். பேய் கீதுன்னு ஒரு கூலிக்காரன் உள்ள வர மாட்றான், பெரிய பேஜாரா கீது. நாளைக்கே வந்து ஓட்டிக் குடுத்துடுங்க."

"இருந்தா ஓட்டலாம்," என்றார் பூசாரி. "இல்லாதத ஓட்ட முடியாது. யாராவது கண்ணால பாத்துக்கீறாங்களா?"

"எல்லாம் இந்தக் கூடைக்காரிங்க கட்ன கதைதான். நீங்க வந்து இல்லன்னு சொன்னாக்கூடப் போதும்."

திரும்பி வருகிற பஸ்ஸில் பச்சையம்மா சொன்னாள்: "அம்மன்கிட்டப் போயிப் பேய ஓட்டாதேன்னு வேண்டிக்கினவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். வேண்டிக்கினு வெளிய வந்தா அவன் நிக்கிறான்." கூத்துதான், ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அவள் தண்ணீரே குடிக்கவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் பூசாரி வந்தார். புளியமரத்தடியில் கோலம் போட்டு, கற்பூரம் ஏற்றி, உடுக்கையை அடித்தார். பஸ் நிலையமே வேடிக்கை பார்த்தது. கூடைக்காரிகள் ஒரு பக்கமாக நின்றார்கள். அவர் மரத்தை மூன்று முறை சுற்றினார், எலுமிச்சம்பழத்தை உருட்டினார், மேரியின் சவுரியைத் தொட்டு மோந்து பார்த்தார். போலி ஆள் இல்லை என்று எனக்குத் தோன்றியது. அதுதான் பயமாக இருந்தது.

"இந்த மரத்துல ஒண்ணும் கெடையாது," என்றார் கடைசியில்.

மண்டிக்காரர் கூட்டத்தைப் பார்த்து, "கேட்டுக்கினீங்களா?" என்றார். மேரி தலையைக் குனிந்துகொண்டாள். பச்சையம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள், விரல் சதையில் பதிந்தது.

"உள்ள பாத்தவங்க யாராவது உண்டா?" என்று பூசாரி கேட்டார்.

மண்டிக்காரர் என்னைக் காட்டினார். "தோ, இந்தம்மா வெளிநாட்டுல கவர்மென்ட் உத்தியோகம். படிச்சவங்க. முந்தாநாளு உள்ள போய்ட்டு வந்தத டீக்கடைக்காரன் பாத்துக்கீறான். நீங்களே சொல்லுங்கம்மா. உள்ள ஏதாவது இருந்துச்சா?"

இல்லை என்று நான் சொல்லிவிட்டால் தீர்ந்தது. மரியாதையாகக் கேட்கிறார், படித்தவள் என்கிறார், ஊரே என் வாயைப் பார்க்கிறது. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சிவப்புப் புடவை, கால் இல்லை என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். மரத்தில் ஒன்றும் இல்லை என்று அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டாரே, அது எடுபடாது. சட்டென்று அந்தக் கூச்சக்காரப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். எந்தக் கடைப் பெண்ணோ, மன்னித்துக்கொள் தாயி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அவளையே பேயாக்கினேன்.

"ஒரு பொண்ணு நின்னா," என்றேன். "சின்னப் பொண்ணு. வெளிர் நீலத் தாவணி. இடுப்பு வரைக்கும் ஈரம். பின்னல் அவுந்து இருந்துச்சு. கூப்பிட்டோம், பதில் சொல்லல. திரும்பியும் பாக்கல."

உடுக்கை நின்றது. மண்டிக்காரரின் தங்கப் பல் மட்டும் தெரிந்தது, வாயை மூட மறந்திருந்தார். என் பக்கம் ஒரு எட்டு வைத்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"தொட்டியாண்டயா?"

நான் தொட்டி என்ற வார்த்தையையே சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

எனக்கு மட்டும் கேட்கச் சொன்னது பூசாரிக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் மண்டிக்காரரை ஒரு தடவை பார்த்தார். பிறகு தட்டு, உடுக்கை, மிச்சக் கற்பூரம் எல்லாவற்றையும் பையில் எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

"இது ஓட்ற வேல இல்லீங்க," என்றார். "அது அங்கதான் இருக்கும். நீங்கதான் அந்தப் பக்கம் போவக் கூடாது. வேற யாரையும் அனுப்பவும் கூடாது."

மண்டிக்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மில் பக்கம் திரும்பாமல், சந்துக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போனார். லாரி ஷெட் பேச்சு அதோடு முடிந்தது. கூட்டமும் கலைந்துபோயிற்று.

பச்சையம்மா என் கன்னத்தை வழித்துச் சொடக்குப் போட்டாள். "எம்மாடி, இன்னா கட்டு கட்ன. நீலத் தாவணியாம், ஈரமாம். எங்கடி புடிச்ச?"

"கட்டலக்கா. உங்களோட வந்த பொண்ணுதானே. அவள விட்டுட்டு வந்தீங்களே."

பச்சையம்மாவின் கை என் கன்னத்திலேயே நின்றுவிட்டது. பூக்காரியைப் பார்த்தாள். பூக்காரி, "எங்களாண்ட தாவணி கட்ற பொண்ணே கெடையாதுக்கா," என்றாள். மேரி வெள்ளரிக்காய்க் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"அஞ்சலை," என்றாள்.

மில் ஓடின காலத்தில் மேரியும் அஞ்சலையும் ஒன்றாகக் களத்தில் நெல் காயவைத்தவர்களாம். பகல் முழுக்க மேஸ்திரியும் வண்டிக்காரர்களும் இருப்பார்கள், ஒதுங்க இடம் இல்லை. பொழுது சாய்கிற வரைக்கும் அடக்கிக்கொண்டு கிடப்பார்கள். ஒரு நாள் அஞ்சலைக்குத் தாங்க முடியவில்லை. தொட்டிக்குப் பின்னால் மறைவு உண்டு.

"தொணைக்கு வான்னா," என்றாள் மேரி. "நீ போய்க்கினே இரு, கூலி வாங்கினு வர்றேன்னேன். அந்தப் பக்கம் பாசி. நான் போறதுக்குள்ள வழுக்கித் தொட்டில வுழுந்து..." அவள் நிறுத்தினாள். "பொணத்த மண்டிக்காரரு ராவோட ராவா ஊர்க் கெணத்தாண்ட போட்டுட்டு, அங்க வுழுந்துட்டான்னு சொல்லிட்டாரு. மில்லு பேரு கெட்டுப்பூடுமாம். அவ ஆத்தா இன்னிக்கும் அந்தக் கெணத்தத்தான் திட்டிக்கினு இருக்கா. தொட்டின்னு தெரிஞ்சது அவருக்கும் எனக்கும்தான். பேய்க் கத கட்றப்ப, எல்லாரும் தொட்டியாண்டன்னு சொல்லலாம்னாங்க. நாந்தான் மரத்தாண்டன்னு மாத்தினேன். அவள வச்சிக் கத கட்ட எனக்கு மனசு வரல."

எல்லோரும் முடிக்காமல் யாரும் எழுந்து போகக் கூடாது என்ற சட்டம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

நான் பேயை நம்புகிறவள் இல்லை. இன்றும் இல்லை. அந்த மங்கலில் தூணில் காய்ந்த பழஞ்சாக்கைப் பெண் என்று நினைத்திருக்கலாம். சாக்குக்குப் பின்னல் உண்டா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

அன்று பொழுது சாயும்போது எனக்கு விழுப்புரம் பஸ். பெட்டியைக் கடையில் வைத்துவிட்டு, கிளம்புவதற்கு முன் அவர்களோடு போனேன். பச்சையம்மா வழியிலேயே ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்து முடித்தாள், தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். புளியமரத்தடியில் எல்லாம் அப்படியே கிடந்தது. முன்பக்கம் அம்மன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே வழக்கம்போல வரிசையாக உட்கார்ந்தார்கள். தொட்டிப் பக்கத்துக் கோடியில் ஓர் ஆள் உட்காருகிற அளவு இடத்தை விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் மேரி உட்கார்ந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஆச்சா?" என்றாள் மேரி.

"ஆச்சு." "ஆச்சு." "ஆச்சு."

நானும் சொன்னேன். எல்லோரும் எழுந்து புடவையை உதறிக்கொண்டோம். யாரும் நடக்கவில்லை. மேரி தொட்டிப் பக்கம் திரும்பி நின்றாள்.

"ஆச்சாடி?" என்றாள் இன்னொரு தடவை, மெதுவாக.

தண்ணீரில் ஏதோ தளும்புகிற சத்தம் கேட்டது, தவளையாக இருக்கும். வெளியே என் பஸ் ஹாரன் அடித்தது. கண்டக்டர் விழுப்புரம், விழுப்புரம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பச்சையம்மாவைப் பார்த்தேன். அவள் அசையவில்லை.

"பஸ்ஸு போனா வேற பஸ்ஸு வரும்க்கா," என்றாள் மேரி, திரும்பாமலே. "அவ முடிச்சிக்கினு வரட்டும்."

நாங்கள் நின்றோம்.